மாமியும் கோழியும் ஒத்துவராத குளிசையும்

ஊசி போடுவதுதான் எங்கள் தொழிலில் கஷ்டமான வேலை என்று நினைக்கிறவர்கள், ஊசிக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியை ஒரு வயசாளியிடம் ஒருநாளும் கேட்டுப் பார்க்காதவர்கள்.

கேள்வி சின்னதுதான். "உங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துவராதா?" இளசுகள் ஓம் என்பார்கள், அல்லது இல்லை என்பார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் கதிரையை இழுத்துப் போட்டு வசதியாக உட்காருவார்கள்.

நான் புத்தளத்தில், களப்பு என்கிற கடற்கழியின் ஓரத்தில், ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஆண் தாதி. அங்கே நான் பார்க்கிற வில்லங்கங்களில் பெரியது அன்டிபயட்டிக் அலர்ஜி. ஒரு குளிசை விழுங்கினால் போதும். சிலருக்குச் சொறி வரும், சிலருக்கு முகம் வீங்கும், சிலருக்குத் தொண்டை அடைத்து, பிரஷர் இறங்கி, ஊற்றி வைத்த பிளேன்டீ ஆறுவதற்குள் ஆள் போய்விடுவார். வயசானவர்களுக்கு இன்னும் மோசம். இதயத்துக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, சீனி வருத்தத்துக்கு ஒன்று என்று ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருக்கிற உடம்பு, இப்படியொரு அடியைச் சுலபத்தில் தாங்காது.

உங்கள் வீட்டிலும் ஒரு வாப்பாவோ மாமாவோ இருப்பார். எப்போதோ டொக்டர் கொடுத்த குளிசையில் மிச்சத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பார். கேட்டால் "எனக்குத் தெரியாததா" என்பார். ஆகவே நீங்களும் என் இனம்தான். வாருங்கள், சேர்ந்தே தலையில் கை வைப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து வயசாளிகளில் யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பது எனக்கு மனப்பாடம். தெரியாமல் இருந்தது ஒரேயொருவருடையது. அவர் நான் இருக்கும் வீட்டிலேயே இருந்தார். என் மாமி, அதாவது என் மனைவியின் உம்மா. அது தெரியாமல் போனதால் அவருடைய உயிரே போகப் பார்த்தது. அந்தக் கதைக்குப் போகுமுன் கொஞ்சம் சிரித்துக்கொள்வோம், பிறகு சிரிக்க மூச்சு இருக்காது.

மிஸ் தம்பி

எங்கள் ஊரில் தாதி என்றால் மிஸ். வெள்ளை உடுப்போடு மீசையும் வைத்துக்கொண்டு நான் வந்து நின்றபோது வயசாளிகளுக்குப் பெரிய குழப்பம். டொக்டர் என்று கூப்பிட மனம் வரவில்லை, மிஸ் என்று கூப்பிட மீசை விடவில்லை. கடைசியில் அவர்களாகவே கூடிப் பேசி "மிஸ் தம்பி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் கோபித்துப் பார்த்தேன். அடுத்த கிழமையே டொக்டரும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார். கோபத்தை விட்டுவிட்டேன்.

மீனவர் காதர் நானா காலில் கண்ணாடி வெட்டிச் சீழ் பிடித்து வந்தார். ஊசியை எடுக்குமுன் கேள்வியைக் கேட்டேன். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "ஓம், ஒத்துவராது" என்றார். என்ன என்றேன். கத்தரிக்காய் என்றார். மருந்தைக் கேட்கிறேன் என்றேன். "அன்னாசியும் சரிவராது. திருக்கை மீன் திண்டா கால் கடிச்சுச் சொறியும்" என்றார். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், தனக்கும் திருக்கை அப்படித்தான் என்று சேர்ந்துகொண்டார். திருக்கையைச் சமைக்கும் முறை பற்றி இருவரும் கதைத்து முடியும்வரை நான் ஊசியும் கையுமாக நின்றேன்.

பிறகு, போகிற போக்கில், ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டதும் தான் மயங்கி விழுந்து, மூச்சு நின்று, வீட்டில் எல்லோரும் சாகக்கிடப்பவர்களுக்கு ஓதுகிற யாசீனை ஓதத் தொடங்கிவிட்டார்கள் என்றார். மருந்தை அப்படியே வைத்துவிட்டு, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கத்தினேன். காதர் நானா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்க ஒத்துவராததத்தானே கேட்டீங்க, மிஸ் தம்பி. அது என்னக் கொல்லப் பாத்தது, அது வேற கணக்கு."

கல்யாணத்தன்று இருந்த முகம்

ஜமால்தீன் நானா பாலாவியில் நெடுங்காலம் சீமெந்து லொறி ஓட்டி ஓய்ந்தவர். மூக்கு ஒழுகுகிற தடிமனுக்கு அலுமாரிக்குள் கிடந்த அமொக்சிலின் இரண்டை விழுங்கியிருக்கிறார். வந்து இறங்கியபோது முகம் பூரணமாக வீங்கியிருந்தது. உதடு இரண்டும் தடித்து, கன்னம் உப்பி, கண் இரண்டும் கோடுகளாகியிருந்தன. டொக்டர் சமிந்த ஓடி வந்தார். சிலாபத்துக்காரர், சிங்களவர், எங்கள் தமிழை எங்களைவிட நிதானமாகப் பேசுவார். ஊசி போட்டு, சேலைன் ஏற்றி, ஒட்சிசன் வைத்து, மூச்சைச் சீராக்கினோம்.

ஆபத்து தாண்டியதும் அவருடைய மனைவியை உள்ளே விட்டோம். அழுதுகொண்டு வந்தவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் அழுகையை நிறுத்திவிட்டார். குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம் வந்து பார்த்தார். வீக்கத்தில் ஜமால்தீன் நானாவின் முகத்தில் இருந்த சுருக்கம் எல்லாம் காணாமல் போயிருந்தது. பளபளவென்று இருந்தார் மனுசன். அந்த அம்மாவின் முகத்தில் ஒரு வெட்கம் வந்ததே, அதைப் பார்த்த டொக்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வீக்கம் நாளைக்கு முழுதாக இறங்கிவிடும், பயப்பட வேண்டாம் என்று நான் ஆறுதல் சொன்னேன். அவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "முழுசா எறக்க வேணாம் மகன், கன்னத்துல கொஞ்சம் வெச்சிருங்க."

பெரிய குடும்பம்

மறுநாள் சுருக்கங்களோடு வீடு போகத் தயாராக இருந்த ஜமால்தீன் நானாவைப் பிடித்து உட்காரவைத்து டொக்டர் பாடம் எடுத்தார். பெனிசிலின் என்பது தனி மருந்தல்ல, ஒரு குடும்பம். அமொக்சிலின் அதில் ஒரு பிள்ளை, குளொக்சசிலின் இன்னொரு பிள்ளை. ஒருவர் உங்களுக்கு ஆகாது என்றால் அந்த வீட்டில் ஒருவரையும் உள்ளே விடக்கூடாது. வேறு குடும்பங்களில் சிலர்கூட இவர்களுக்கு ஒன்றுவிட்ட சொந்தம், அவர்களையும் டொக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

ஜமால்தீன் நானா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். இவ்வளவு சுலபமாக ஒரு வயசாளிக்கு இந்த விசயம் விளங்கி நான் கண்டதில்லை. விளங்கியதா என்று டொக்டர் கேட்டார். "ஏன் விளங்காது, ஒருத்தனோட ஒரு வேலிச் சண்டை வந்தா ஒன்றுவிட்ட மச்சான்ட கல்யாணத்துக்கும் போகாம இருக்கிற குடும்பம் எங்கட."

தட்டில் இருந்த இரண்டாவது ஊசி

ஆசியா ராத்தா உப்பளத்தில் வேலை செய்து வெடித்த காலோடு வந்தார். வெடிப்பில் புண்ணாகியிருந்தது. இதற்குமுன் எந்த அன்டிபயட்டிக்கும் எடுத்த ஞாபகம் இல்லை என்றார். ஆகவே துளியளவு மருந்தைத் தோலுக்குள் போட்டு, ஏதாவது ஆகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். துளியளவு என்றதும் ராத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கரைத்தீவிலிருந்து பஸ் பிடித்து வந்தவருக்கு இவ்வளவுதானா, மிச்சம் யாருக்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். வரிசையில் இருந்தவர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

அப்போதுதான் பக்கத்துத் தட்டில் நிரப்பி வைத்திருந்த இன்னொரு ஊசி அவருடைய கண்ணில் பட்டது. அது அட்ரினலின். ஒத்துவராமல் உயிருக்கு ஆபத்து வந்தால் உடனே தொடையில் போட்டுக் காப்பாற்றுவதற்காகப் பக்கத்தில் வைத்திருப்பது. அதைப் பொறுமையாக விளக்கிச் சொன்னேன். ராத்தா முதல் ஊசியைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "கொல்லுறது இது, காப்பாத்துறது அது எண்டா, அதையே முதல்ல போடுங்களன் மகன், ஏன் சுத்தி வாறீங்க?"

கோழிக்குச் சொன்ன செய்தி

இப்போது என் வீட்டுக்கு வாருங்கள். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் இருப்பது எங்கள் குடும்பங்களில் வழக்கம். என் மனைவி ரிஸ்னா ஆசிரியை. வீட்டில் நான், அவள், மாமி. மாமா மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார். மாமி பழைய ஒழுக்கத்து ஆள். மருமகனுக்கு முன்னால் வந்து நிற்கமாட்டார், நேரே கதைக்கமாட்டார். பகை ஒன்றுமில்லை, முழுக்க முழுக்க மரியாதை. சாப்பாடு மேசைக்கு வந்துவிடும், கொண்டுவந்தவரைக் காணமுடியாது. சமையல் நடக்கிற குசினிக் கதவுக்கு ஒரு சீலை தொங்கும். அந்தச் சீலைக்கு இந்தப் பக்கம் என் நாடு, அந்தப் பக்கம் அவருடைய நாடு.

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ரிஸ்னா வழியாகச் சொல்வார். ரிஸ்னா பள்ளிக்கூடம் போயிருந்தால் கோழியிடம் சொல்வார். பின்வளவில் ஒரு கறுப்புக் கோழி நின்றது. "கோழியே, சீனி முடிஞ்சிட்டு. வெளிய போற ஆக்கள் வாங்கிட்டு வந்தா நல்லம்" என்று எனக்குக் கேட்கும்படி உரத்துச் சொல்வார். நான் போய்ச் சீனி வாங்கி வருவேன். "கோழியே, நேத்துக் கறி உறைப்பா இரிந்திச்சா தெரியல்லயே" என்பார். நான் சாப்பிட்டுக்கொண்டே "நல்லாயிருந்தது" என்று பொதுவாகக் காற்றுக்குச் சொல்வேன். கோழிக்கு எங்கள் குடும்ப விவகாரம் எல்லாம் அத்துப்படி.

ஆனால் தன் உடம்புக்கு ஒன்று என்றால் மாமி கோழியிடம்கூட வாய் திறக்கமாட்டார். மருமகன் காதில் விழுந்துவிடும் என்ற வெட்கம். பிரஷருக்குக் குளிசை எடுக்கிறார் என்பதே, குப்பையில் கிடந்த வெற்று அட்டையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ஊர் முழுக்க என்னிடம் வருத்தத்தைச் சொல்கிறது, உன் உம்மா கோழியோடு கதைப்பதில் பாதியையாவது என்னோடு கதைக்கக்கூடாதா என்று ரிஸ்னாவிடம் ஒருநாள் குறைப்பட்டேன். அவள் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. "கோழி மருமகன் இல்லத்தானே."

கெளுத்தி முள்

மீன் வெட்டும்போது மாமியின் விரலில் கெளுத்தி முள் குத்திவிட்டது. விரல் வீங்கிப் பழுத்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் விரலை நான் பார்த்துவிடுவேன். ஆகவே பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு தூரத்தில் இருந்த ஒரு தனியார் டிஸ்பென்சரிக்கு ரகசியமாகப் போயிருக்கிறார்.

போன இடத்தில் மருந்து கொடுப்பது என் உம்மாவின் தங்கை மகன். அவன் நல்ல பிள்ளை, முறைப்படி அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறான். சொல்லவேண்டிய விசயம் மாமியிடம் இருந்தது. முன்பொருமுறை பல்வலிக்கு அமொக்சிலின் எடுத்து, உடம்பெல்லாம் தடித்து அரித்து, இரண்டு நாள் போர்வைக்குள் கிடந்திருக்கிறார். எனக்குச் சொல்லக்கூடாது என்று ரிஸ்னாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். வெயிலுக்கு வந்த சொறி என்று உம்மாவும் மகளுமே முடிவு கட்டிவிட்டார்கள். இதை இவனிடம் சொன்னால் பின்னேரத்துக்குள் என் உம்மா வீட்டுக்குப் போய்விடும், அங்கிருந்து எனக்கு வந்துவிடும் என்று மாமிக்குப் பயம். மாப்பிள்ளை வீட்டு ஆளிடம் தன் சொறியைப் பற்றிக் கதைப்பதா என்று மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாராம். அவர் சொன்ன பதிலை நம்பிப் பெனிசிலின் குடும்பத்துக் குளிசையைக் கொடுத்தவன், பிறகு அழுது அழுது அதை எனக்கு ஒப்பித்தான். "எனக்கு எல்லாம் ஒத்துவரும். உங்கட குடும்பத்துல இரிந்து வந்த ஒண்டும் எங்களுக்கு ஒத்துவராமப் போனதில்ல."

கதவுக்கு அந்தப் பக்கம்

மறுநாள் காலை ரிஸ்னா பள்ளிக்கூடம் போய்விட்டாள். எனக்கு லீவு. முன் அறையில் உட்கார்ந்து பாண் துண்டைப் பிளேன்டீயில் தோய்த்துக்கொண்டிருந்தேன். குசினிக்குள் மாமி முதல் குளிசையை விழுங்கியது எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் "கோழியே" என்று ஒரு குரல் கேட்டது. நான் காதைத் தீட்டினேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. சரி, யோசித்துச் சொல்லட்டும் என்று பாணைக் கடித்தேன்.

போன் அடித்தது. ரிஸ்னா. குரல் பதறியது. "உம்மாக்கு மூச்சு முட்டுதாம், உடம்பெல்லாம் தடிச்சிட்டாம்" என்றாள்.

"மாமி எங்க?"

"வீட்டுல."

"நானும் வீட்டுலதானே இரிக்கன்."

"ஓம். குசினிக் கதவுக்கு அங்கால நிக்கிறா. உங்களுக்குச் சொல்லச் சொல்லித்தான் எனக்கு கோல் எடுத்தா."

எனக்கும் மாமிக்கும் நடுவில் ஒரு சீலை. அவருடைய மூச்சு முட்டுகிற செய்தி அந்தச் சீலையைத் தாண்டி என்னிடம் வருவதற்குப் பாலாவிப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்திருக்கிறது. கதிரை விழ எழுந்தேன். ரிஸ்னா இன்னும் போனில் இருந்தாள். அழுதுகொண்டே ஒன்று சொன்னாள். "சீக்கிரம் போங்க, ஆனா இருமிட்டுப் போங்க, உம்மா முக்காடு போடணும்."

இடையில் ஓர் ஓட்டோக்காரர்

நான் இருமவில்லை. சீலையை விலக்கினேன். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்து முகம் முழுவதையும் மூடிக்கொண்டார். கைகளில் திட்டுத் திட்டாகச் சிவந்து தடித்திருந்தது. பக்கத்து வளவு இஸ்மாயிலின் ஓட்டோவில் ஏற்றினேன். மாமியைப் பின்சீட்டில் சரித்துப் படுக்கவைத்து, காலை உயர்த்தி என் மடியில் வைத்துக்கொண்டேன். மருமகன் மடியில் கால். அந்த அவஸ்தையிலும் அவர் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை.

நாக்கு வீங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். முகத்தைக் காட்டவே மாட்டேன் என்கிறார். கேட்டால் பதில் இல்லை. கடைசியில் இஸ்மாயிலிடம் சொன்னேன், தொண்டை இறுக்குதா என்று மாமியிடம் கேள் என்று. அவன் களப்பு வீதியில் ஓட்டோவைப் பறக்கவிட்டுக்கொண்டே திரும்பி, "மாமி, தொண்ட இறுக்குதா?" என்றான். முந்தானைக்குள் இருந்து "ஓம் எண்டு சொல்லு" என்று வந்தது. குளிசை விழுங்கினாரா என்று கேள் என்றேன். கேட்டான். "ஓம் எண்டு சொல்லு" என்றது முந்தானை, முன்னையதைவிடச் சின்னக் குரலில். ஒரு கை தூரத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு அவன் மொழிபெயர்த்துக்கொண்டு போனான். தலை சுற்றுகிறதா என்று கேள் என்றேன். கேட்டான். இன்னொருமுறையும் கேட்டான். அவனுடைய குரல் மாறிவிட்டது. "மிஸ் தம்பி, இப்ப எனக்கும் பதில் வருதில்ல."

பிடித்திருந்த கை

எங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டதும் டொக்டர் முந்தானையை விலக்கினார். உதடு நீலம் பாய்ந்து தடித்திருந்தது. மூச்சு விசில் போல வந்தது. பிரஷர் எடுத்தவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் ஒட்சிசனை வைத்துக்கொண்டு சேலைனுக்கு நரம்பு தேடினார். "தொடையில் அட்ரினலின், இப்பவே" என்றார். ஊசி போடக்கூடிய மற்ற ஆள் அந்த அறையில் நான் ஒருவன்தான்.

மாமியின் கண் பாதி மூடியிருந்தது. ஆனால் வலது கை, தொடைக்கு மேலே சேலையை இறுக்கிப் பிடித்திருந்தது. மூச்சு போய்க்கொண்டிருக்கிற ஒரு மனுசியின் பிடி அது என்று யாரும் நம்பமாட்டார்கள். நான் எத்தனையோ பேருக்கு இந்த ஊசியைப் போட்டவன். அன்றைக்குப் பயந்தேன். உண்மையான பயம். இந்த வெட்கத்தோடு மாமி போய்விடப் போகிறார், ரிஸ்னாவிடம் போய் நான் என்ன சொல்வேன் என்று நினைத்தேன்.

எங்கள் பிரிவு உதவியாளர் ரோசலின் அக்கா, கற்பிட்டிக் கரையில் கடலோடு சண்டை பிடித்து வளர்ந்தவர். குனிந்து மாமியின் காதுக்குள் சொன்னார், "ராத்தா, இங்க மருமகன் இல்ல. இது மிஸ் தம்பி. மிஸ்ஸுக்கு முன்னால என்ன வெக்கம்." சொல்லிக்கொண்டே அந்தக் கையை விரல் விரலாகக் கழற்றித் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். நான் சேலையை விலக்கவில்லை, விலக்கத் தேவையும் இல்லை. துணிக்கு மேலாகவே குத்தினேன்.

ஒன்று போதவில்லை. பிரஷர் குளிசை எடுக்கிற உடம்பில் இந்த மருந்து சிலவேளை மெதுவாகத்தான் ஏறும். டொக்டர் இன்னொன்று என்றார். இரண்டாவதையும் போட்டேன். சேலைன் ஓடியது. நான் என் மாமியின் நாடியைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த துஆ எல்லாவற்றையும் வரிசை தப்பி ஓதினேன். விசில் குறைந்தது. உதட்டில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்தார். மேலே பார்த்தார், டொக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உடனே சேலைன் ஏறுகிற கையாலேயே முந்தானையைத் தேடிப் பிடித்து முகத்துக்கு இழுத்தார். ரோசலின் அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "டொக்டர், பிரஷர் பாக்கத் தேவையில்ல, ராத்தா முக்காடு போட்டுட்டா."

டொக்டர் கேட்ட ஒரேயொரு கேள்வி

இந்த அலர்ஜி சிலவேளை ஒருமுறை அடங்கிவிட்டுத் திரும்பவும் வரும். அதனால் மாமியை நோயாளிகள் வாட்டில் வைத்திருந்தோம். மறுநாள் ரிஸ்னா கட்டில் ஓரத்தில் இருந்து அழுதாள். பழைய சொறியைப் பற்றி அப்போதுதான் சொன்னாள். சத்தியத்தை முறித்ததற்காக உம்மாவிடமும், முறிக்காமல் இருந்ததற்காக என்னிடமும் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்டாள். எனக்கு ஏச வாய் வரவில்லை. மாமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

டொக்டர் சமிந்த கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "ஹரி மாமி, ஒரு விசயம்" என்று தன் சிங்களச் "சரி"யோடு தொடங்கினார். "அடுத்தமுறை இவ்வளவு நேரம் கிடைக்காது. மருமகன் எப்பவும் கதவுக்குப் பக்கத்தில் இருக்கமாட்டார். உங்களுக்கு எது ஒத்துவராது என்று நீங்களே உங்கட வாயால் சொல்லவேண்டும். டொக்டருக்கு, மருந்து தருகிறவருக்கு, எல்லோருக்கும். முதலில் யாருக்குச் சொல்லப் போகிறீர்கள்?"

ரிஸ்னா வழக்கம்போல "நான் சொல்றன் டொக்டர்" என்று தொடங்கினாள். மாமி கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினார். முந்தானை தலையில் இருந்தது, முகம் திறந்திருந்தது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். அவருடைய கண்ணை அன்றைக்குத்தான் நிதானமாக நேரே பார்த்தேன். ரிஸ்னாவின் கண் அது, அப்படியே. அவருடைய குரல் நடுங்கியது, ஆனால் வாட்டு முழுக்கக் கேட்டது. "மருமகன், எனக்கு பெனிசிலின் ஒத்துவராது. இத உங்களுக்குச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் நான் சாகப் பாத்தன்."

நான் அழுதுவிட்டேன், மீசையோடு, சீருடையோடு, வாட்டில் கிடந்தவர்கள் எல்லோரும் பார்க்க. சந்தோசம்தான், வேறொன்றுமில்லை.

எங்கள் தொழிலில் ஓர் ஆளைக் காப்பாற்றினால் அவர் ஸலாம் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விடுவார், நான் காப்பாற்றியவர் மட்டும் என் வீட்டுக்கே வந்து, தேங்காய் ஏன் சின்னதாக வாங்கினேன் என்பதிலிருந்து தலைமுடி ஏன் கொட்டுகிறது என்பதுவரை அன்றிலிருந்து என்னை நேருக்கு நேர் ஏசிக்கொண்டிருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.